மருந்து என்றொரு சொல்: சில குறிப்புகள்

1

அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவு வாசலில் ஓர் இரவு முழுக்க நின்றிருக்கிறேன். எங்கள் தெருக்காரர் ஒருவரைக் காரில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருந்தோம். வாயெல்லாம் நுரை, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "என்ன மருந்து குடிச்சார்?" உடன் வந்த அவருடைய மைத்துனர் சொன்ன பதில்: "நெல்லுக்கு அடிக்கிற மருந்துங்க." கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்து சொன்னார்: "மருந்து ஏத்தியிருக்கோம், பார்க்கலாம்."

மூன்று பேர், மூன்று வாக்கியங்கள், ஒரே சொல். முதலிரண்டிலும் அது கொன்றுகொண்டிருந்தது. மூன்றாவதில் காப்பாற்ற முயன்றுகொண்டிருந்தது. யாருக்கும் குழப்பமில்லை. எனக்கும் அன்றைக்குக் குழப்பமில்லை. விடிவதற்குள் அவர் இறந்துபோனார். அந்தச் சொல் என்னை உறுத்தத் தொடங்கியது வெகுநாள் கழித்துத்தான்.

மருந்தடிக்கிறது, மருந்துக்கடை, மருந்து டப்பா, மருந்து டேங்கு, 'மருந்தைக் குடிச்சிட்டான்'. தமிழக கிராமங்களில் பூச்சிக்கொல்லிக்கு வேறு பெயர் கிடையாது. 'பூச்சிக்கொல்லி' என்பது பாடப்புத்தகத்திலும் செய்தித்தாளிலும் வாழ்கிற சொல். வரப்பில் அது நடமாடுவதில்லை. ரசாயன விவசாயத்தின் கேடுகளைப் பற்றி நிறையப் புள்ளிவிவரங்கள் எழுதப்பட்டாகிவிட்டது. அவற்றை மறுபடி அடுக்குவது என் நோக்கமல்ல. இந்தக் கொலைப்பொருள் எந்தச் சொல்லின் முதுகில் ஏறி நம் வயலுக்குள் வந்தது, அந்தச் சொல் யாரைக் காப்பாற்றுகிறது, யார் தலையில் பழியைப் போடுகிறது என்பதுதான் என் கேள்வி.

2

பிளேட்டோவின் 'ஃபீட்ரஸ்' உரையாடலில் எழுத்தைக் குறிக்க 'ஃபார்மகான்' என்றொரு கிரேக்கச் சொல் வருகிறது. மருந்து, நஞ்சு இரண்டையும் குறிக்கும் சொல் அது. மொழிபெயர்ப்பாளர்கள் சந்தர்ப்பத்துக்கேற்ப ஓர் அர்த்தத்தைத் தேர்ந்துகொண்டு மற்றதை அமுக்கிவிடுகிறார்கள் என்று காட்டித் தெரிதா 1968-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தெரிதாவை இங்கே இழுத்துவருவது ஃபேஷனுக்காக அல்ல. மொழிபெயர்ப்பாளர் யாருமே இல்லாமல், ஒரே மொழிக்குள்ளேயே நாம் அந்த அமுக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதற்காக.

தமிழில் 'மருந்து' ஒருபோதும் வெள்ளந்தியான சொல்லாக இருந்ததில்லை. எலிக்கு வைப்பதும் மருந்து. துப்பாக்கியில் கெட்டிப்பதும் மருந்து. மருமகள் 'மருந்து வச்சிட்டா' என்று மாமியார் புலம்பினால் அது வசியம். ஆக, நம் ஜனங்களுக்கு இந்தச் சொல்லின் இரட்டை நாக்கு தெரியாமலில்லை. ஆனால் வயல் விஷயத்தில் மட்டும் ஒரு நாக்கு எப்படி அறுபட்டது?

இதற்கு ஒரு வரலாறு உண்டு. டிடிடியின் பூச்சி கொல்லும் குணத்தை 1939-இல் கண்டறிந்தவர் ஸ்விட்சர்லாந்தின் பால் முல்லர். 1948-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வேதியியலுக்கு அல்ல, மருத்துவத்துக்கு. இந்தியாவில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953-இலும், ஒழிப்புத் திட்டம் 1958-இலும் தொடங்கின. டிடிடி தயாரிக்கவே இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் என்ற அரசு நிறுவனம் 1954-இல் உருவாக்கப்பட்டது. பிரேயரோடு வந்து வீட்டுச் சுவருக்கு அடித்துவிட்டுப் போன சுகாதாரத் துறை ஆட்களைப் பார்த்துத்தான் கிராமம் 'மருந்தடிக்க வந்திருக்காங்க' என்று சொல்லக் கற்றது. அது பொய்யும் அல்ல. மலேரியா குறையத்தான் செய்தது. பிறகு வீரிய ரகங்கள் வந்தபோது அதே பிரேயர் வீட்டுச் சுவரிலிருந்து வயலுக்கு இறங்கியது. சொல்லும் கூடவே இறங்கியது, ஆஸ்பத்திரியின் மரியாதையோடு.

அந்த மரியாதையின் பின்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1936-இல் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்த கெர்ஹார்ட் ஷ்ராடர் கண்டடைந்தது தபுன் என்ற நரம்பு நச்சு. அடுத்து சாரின். இரண்டும் ராணுவத்துக்குப் போயின. அதே ஆராய்ச்சியிலிருந்து கிளைத்த பாரத்தியான் வயலுக்கு வந்தது. நம் ஊரில் 'பாலிடால்' என்று பேர் பெற்று, தற்கொலைக்கே மறுபெயராகிப்போன சரக்கு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. மனித நரம்பும் பூச்சி நரம்பும் செய்தி கடத்துகிற விதத்தில் பங்காளிகள். அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதியை இந்த நஞ்சு முடக்குகிறபோது இரண்டும் ஒரே மாதிரிதான் துடித்துச் சாகின்றன. 'வெடிமருந்து' என்று நம் முன்னோர் வைத்த பேரில் ஒரு நேர்மை இருந்தது. வயல் மருந்தில் அதுகூட இல்லை.

3

மருந்து என்றால் அதற்கு முன்னால் நோய் இருக்கவேண்டும். சொல்லே அப்படி ஒரு கதையாடலைக் கட்டமைத்துவிடுகிறது. நோயாளி பயிர், நோய் பூச்சி, வைத்தியர் மருந்துக்கடைக்காரர். நம்ம விவசாயி நோயாளியைக் கூட்டிவந்த உறவுக்காரர் மாதிரி, ஒரு கொத்து இலையைக் கிள்ளி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கடை வாசலில் நிற்கிறார். கடைக்காரர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'டேங்குக்கு மூணு மூடி ஊத்துங்க' என்கிறார். வைத்தியருக்கு மருந்தை விற்றால்தான் லாபம் என்பது இந்தக் கதைக்குள் வராத செய்தி.

இந்த நோய் எங்கிருந்து வந்தது? புகையானை எடுத்துக்கொள்வோம். நெல்லின் அடித்தண்டில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி. வட்டம் வட்டமாகப் பயிர் கருகும். பழைய சாகுபடியில் இது பெரிய விஷயமாக இருந்ததில்லை. 1970-களில் ஆசியா முழுக்கப் பேயாட்டம் ஆடியது. காரணத்தைத் தேடியவர்கள் கண்டது இது: புகையானைத் தின்னும் சிலந்திகளும், அதன் முட்டையை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகளும் மருந்தில் முதலில் செத்துப்போகின்றன. தண்டுக்குள் செருகி வைத்த முட்டைகள் தப்பிக்கின்றன. பொரித்து வரும்போது எதிரி யாருமில்லை. மறுபடி மருந்து, மறுபடி புகையான். அதாவது நோய்க்கு மருந்து வந்தது என்பதல்ல; மருந்துக்கு நோய் வந்தது.

இந்தோனேசியா இதை ஒப்புக்கொண்டது. 1986 நவம்பரில் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிக்கொல்லிகளை ஓர் அதிபர் ஆணை தடைசெய்தது. மருந்துக்குத் தந்துவந்த பெரும் மானியமும் 1989-க்குள் படிப்படியாக நிறுத்தப்பட்டது. விளைச்சல் விழுந்துவிடவில்லை. ஆணையில் கையெழுத்திட்டவர் சுகார்த்தோ. ரத்தக்கறை படிந்த சர்வாதிகாரி. இயற்கைப் பித்தர் அல்ல. சிலந்தி செய்கிற வேலைக்குக் காசு கொடுத்து நஞ்சு வாங்குவது நஷ்டம் என்கிற கணக்கு அவருக்குப் புரிந்தது. அவ்வளவுதான்.

4

மருந்தோடு கூடவே பிறந்த இன்னொரு சொல் 'அளவு'. திருக்குறளில் மருந்து என்ற அதிகாரம் பெரும்பாலும் பேசுவது அளவறிந்து உண்பதைப் பற்றித்தான். தமிழில் ஒன்று கொஞ்சம்கூட இல்லை என்பதற்கு 'மருந்துக்குக்கூட இல்லை' என்கிறோம். மருந்து என்றாலே துளி, சிட்டிகை, மூடி. அளவோடு இருந்தால் கெடுதியில்லை என்ற வாக்குறுதி சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அறிவியலும் அரசும் கம்பெனியும் மூன்று பேருமே இந்த வாக்குறுதியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1958-இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவைத் தின்று நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதன் விளைவாக, பத்தாண்டு கழித்து, 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. டப்பாவின் மேல் சாய்சதுரமாக ஒரு படம் இருக்குமே, அது அந்தச் சட்டத்தின் விதிகள் போட்ட குறி. கீழ்ப்பாதி சிவப்பானால் அதிதீவிர நஞ்சு, மஞ்சளானால் தீவிரம், நீலம் நடுத்தரம், பச்சை லேசு. குறியியல் படித்தவர்கள் இந்தக் குறியை நிதானமாக வாசிக்கலாம். நிறம் எதை அளக்கிறது? சோதனை எலிகளில் பாதி சாகத் தேவைப்படும் அளவை. ஒரு கிலோ எடைக்கு 50 மில்லிகிராமுக்குள் என்றால் சிவப்பு. 5,000-ஐத் தாண்டினால் பச்சை. அதாவது இது எவ்வளவு லேசில் சாவாய் என்பதற்கான அளவுகோல். பத்து வருஷம் கழித்து வரும் புற்றுநோய், கருவிலேயே வளைந்துபோகும் எலும்பு, தாய்ப்பாலில் இறங்கும் மிச்சம், இதற்கெல்லாம் அந்தச் சதுரத்தில் நிறம் கிடையாது. நிதானமாகச் சாகிறவன் பச்சையிலேயே சாகலாம். பச்சை நம் பண்பாட்டில் எதைக் குறிக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

5

மெதுவான சாவுக்கு நிறமில்லாத இந்த அளவுகோல் நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்கு காசர்கோட்டைப் பார்க்க வேண்டும். கேரள அரசின் தோட்டக் கழகம் அங்கே சுமார் 4,600 ஹெக்டேர் முந்திரிக் காட்டின் மேல் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தது. எதிரியின் பெயர் தேயிலைக் கொசு. அது கொசுவே அல்ல, சாறுறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. கிணறுகளை மூடிவையுங்கள் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. அந்த மலைப்பகுதியில் நிறையப் பேர் குடித்தது கிணற்று நீரை அல்ல. ஓடையிலிருந்தும், 'சுரங்கம்' என்று அவர்கள் சொல்லும் மலைக்குடைவுகளிலிருந்தும் வழிகிற நீரை. ஓடையை எதைக் கொண்டு மூடுவது?

என்மகஜெ பஞ்சாயத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மூளை வளர்ச்சி குன்றிய, கைகால் திருகிய குழந்தைகள் பிறந்தார்கள். வேளாண் துறையிலேயே வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா 1998-இல் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார். பிறகு தொடங்கியது ஆய்வுகளின் திருவிழா. கழகம் ஏற்பாடு செய்த ஆய்வு ஒன்றுமில்லை என்றது. அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் இருக்கிறது என்றது. ஒன்றிய அரசின் குழுக்கள் தொடர்பு நிரூபணமாகவில்லை என்றன. 'நிரூபணமாகவில்லை' என்ற பிரயோகத்தை நாம் கட்டுடைத்தாக வேண்டும். நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தென்றால் பாதுகாப்பானது என்று விற்கிறவன் முதலில் நிரூபிக்க வேண்டும். இங்கே நஞ்சு என்று குடித்தவன் நிரூபிக்க வேண்டும். மருந்து என்ற பெயரின் மரியாதை வேண்டும், மருந்துக்குரிய பொறுப்பு மட்டும் வேண்டாம்.

உலகத்திலேயே எண்டோசல்ஃபானை அதிகம் தயாரித்த நாடு இந்தியா. மலேரியாவை ஒழிக்கப் பிறந்த அந்த அரசு நிறுவனமும் அதைத் தயாரித்தது. 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைக் கூட்டத்தில் உலக நாடுகள் அதை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தபோது, கடைசி மட்டும் முரண்டு பிடித்தது நம் அரசு. மே 13-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டோருக்குத் தலா ஐந்து லட்ச ரூபாயை மூன்று மாதத்தில் கொடு என்று கேரள அரசுக்கு உத்தரவிட்டது. 2022 மே மாதம் அதே நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது, 3,704 பேரில் பணம் போய்ச் சேர்ந்திருந்தது எட்டுப் பேருக்கு. அவமதிப்பு வழக்குப் போட்ட அதே எட்டுப் பேர். இது இடதுசாரிகளும் காங்கிரசும் மாறிமாறி ஆண்ட, முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட மாநிலம் என்பதை நண்பர்கள் நினைவில் கொள்ளட்டும்.

6

மருந்து சாகடித்தால் தப்பு யாருடையது? சொல்லுக்குள்ளேயே பதில் தயாராக இருக்கிறது: அளவு மீறினவனுடையது.

2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்துப்போனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ். பழைய டப்பாவில் எண்ணெய் வைத்தது யார் என்று தேடினார்கள். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த சிறுவிவசாயிகளும் கூலிகளும் இருபது பேர் வரை இறந்தார்கள். முகமூடி போடவில்லை, கையுறை மாட்டவில்லை, காற்றுக்கு எதிராக அடித்தார்கள், செடி வழக்கத்தைவிட உயரம் என்று காரணம் அடுக்கப்பட்டது. பங்குனி வெயிலில் பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு ரப்பர் உடுப்போடு அரை ஏக்கர் நடந்து பார்த்தவர் யாரும் அந்தக் காரணங்களை எழுதியிருக்க மாட்டார். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1985-இல் கொண்டுவந்து பின்னர் திருத்திய நடத்தை விதிகளிலேயே, வசதிக்குறைவான, விலை அதிகமான பாதுகாப்பு உடைகள் தேவைப்படும் மருந்துகளை வெப்ப நாடுகளின் சிறு உழவர் விஷயத்தில் தவிர்க்க வேண்டும் என்று இருக்கிறது. அதாவது குற்றம் முகமூடி போடாதவனுடையது அல்ல. முகமூடி இல்லாமல் அடிக்க முடியாத சரக்கை அவன் கையில் விற்றவனுடையது.

தெரிதாவின் அந்தக் கட்டுரையில் இன்னொரு சொல்லும் வரும்: ஃபார்மகாஸ். பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தால் ஊரின் தீட்டையெல்லாம் ஒருவன் மேல் ஏற்றி, அடித்து, எல்லைக்கு வெளியே துரத்துவார்கள். அவனுக்குத்தான் அந்தப் பெயர். கிரேக்கத்துக்கு எதற்குப் போகவேண்டும்? எங்கள் ஊரில் டேங்கைத் தூக்குகிறவர் யார் என்று பார்த்தாலே போதும். நிலம் ஒரு தெருவில் இருக்கிறது, முதுகு இன்னொரு தெருவில் இருக்கிறது. செத்த மாட்டைத் தூக்குவதும் சாக்கடையில் இறங்குவதும் யார் வேலையோ, அவர்கள் முதுகுக்கே இதுவும் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது. புதிய தொழில்நுட்பம் என்றோம். பழைய தீட்டுத்தான் புது டேங்கில் வந்தது. நிலத்துக்காரருக்கு மகசூல், கம்பெனிக்கு லாபம், நகரத்துக்குப் புழுவில்லாத கத்தரிக்காய், அவருக்குக் கூலியோடு தலைச்சுற்றல். செத்தால் 'மருந்தடிக்கத் தெரியாம அடிச்சிட்டான்.'

7

இங்கே இரண்டு எதிர்க்குரல்கள் எழும். முதலாவது: மருந்தும் உரமும் இல்லாவிட்டால் பஞ்சத்தில் செத்திருப்போம். பஞ்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் இந்தோனேசியக் கணக்கு அப்படியே இருக்கிறது. இரண்டாவது குரல் நம் நண்பர்களுடையது: எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாட்டன் விவசாயத்துக்குத் திரும்பலாம். எந்தப் பாட்டன்? பண்ணையாளைச் சாணிப்பால் ஊற்றிச் சவுக்கால் அடித்த பாட்டனா? மண்ணுக்கு நஞ்சில்லாத காலம் எல்லா முதுகுக்கும் நஞ்சில்லாத காலமாக இருந்ததில்லை. 'இயற்கை'யைப் புனிதப்படுத்துகிற எழுத்துகளில் கூலிக்காரரின் குரல் மருந்துக்குக்கூட இல்லை.

இரண்டு குரலுக்கும் இலங்கை பாடம் சொல்கிறது. அங்கே 1984-இல் பாரத்தியானையும், 1995-இல் மிகக் கொடிய வகை நஞ்சுகளையும், 1998-இல் எண்டோசல்ஃபானையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். அடுத்த பத்தாண்டில் தற்கொலைச் சாவு விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நெல் விளைச்சல் அதனால் குறையவில்லை. மனக்கஷ்டம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சாவு தள்ளிப்போனது. அதே நாட்டில் 2021-இல் ஒரே ஆணையில் ரசாயன உரம், மருந்து இரண்டின் இறக்குமதியையும் நிறுத்தி, வயல்காரரைத் தவிக்கவிட்டு, அந்த ஆண்டு நவம்பரிலேயே பின்வாங்கினார்கள். முதலாவது, யார் எதனால் சாகிறார்கள் என்று பார்த்துச் செய்தது. இரண்டாவது, உழுகிறவரைக் கேட்காமல் மேலிருந்து இறக்கியது.

தமிழ்நாட்டில் 2023-இல் ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு, தற்கொலையைத் தடுக்கவென்று, தடை வந்தது. அறுபது நாளைக்கு. அறுபத்தோராம் நாள் சாகிறவனைப் பற்றி ஆணையில் ஒன்றும் இருக்க நியாயமில்லை. மருந்துதானே, அளவோடு தடைசெய்திருக்கிறார்கள்.

பெயரை மாற்றிவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று நான் நினைக்கவில்லை. நாளைக்கே அரசாங்கம் 'நஞ்சு' என்று டப்பாவில் அச்சடிக்கலாம்; கொட்டை எழுத்தில் போட்டுவிட்டோமே, அப்புறமும் குடித்தது உன் தப்பு என்று அதே பழியை இன்னும் வசதியாகப் போடலாம். மாற வேண்டியது பழி போகும் திசை. இந்தச் சரக்கு எனக்கு வேண்டாம், இதை நான் தூக்க மாட்டேன் என்று சொன்ன பிறகும் அன்றைய கூலி நிச்சயம் என்கிற நிலை டேங்கு தூக்குகிறவருக்கு வரவேண்டும். சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருக்கிறது, நிவாரணம் இருக்கிறது; மறுக்கும் உரிமை இருக்கிறதா? இயற்கை விவசாய மேடைகளில் மண்புழுவுக்குக் கிடைக்கும் நாற்காலி இவருக்குக் கிடைத்திருக்கிறதா?

அந்த இரவு செத்துப்போனவருக்கு நிலம் கிடையாது. அவர் குடித்தது, பகலில் இன்னொருவர் வயலுக்கு அடித்துவிட்டு டப்பாவில் மிச்சம் வைத்திருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் காரணம் 'மருந்து அருந்தியதால்' என்று எழுதியிருந்தார்கள். அதில் கையெழுத்துப் போட்டது நான்தான். இன்றைக்கு அதே சீட்டை நீட்டினால், போடுவதற்கு முன்னால் அந்த ஒரு சொல்லுக்காகவாவது கொஞ்சம் சண்டை பிடிப்பேன்.